பத்துப் படங்களுக்குச் சொன்ன விளக்கம்

இந்த ஸ்டேஷன் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. பழைய அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். எங்கள் காலேஜில் இருக்கும் அறுபது பெஞ்சுகளில் பாதிக்கு நான்தான் அட்டை வைத்தேன். லேப் அட்டெண்டர் என்றால் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவன் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

என் பெயர் பரீது. ஊரில் ராவுத்தர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து இம்பால் வரை போயிருக்கிறேன். துப்பாக்கி தூக்கவில்லை, சிப்பாய்களுக்குப் படம் காட்டும் வண்டியில் மெஷின் ஓட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அங்கே காதால் கேட்டுக் கேட்டு வந்தது.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அம்மை குத்துகிற வேதமுத்துவை அடித்துக் கொன்றதற்காகப் பதினொரு பேரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்களும் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் சொந்தமாக ஒன்றை யோசித்துச் செய்கிற ஆட்கள் இல்லை. தாங்கள் செய்யாத வேலைக்குப் பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைச் சரிசெய்யத்தான் பேசுகிறேன். அவசரமில்லை என்றால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இங்கிலீஷ் புரொபசர் ஆறுமுகசாமி, போன வருசம் ஒரு சின்ன சினிமா மெஷினைக் காலேஜுக்கு வாங்க வைத்தார். மெட்ராஸில் இருக்கும் வெளிநாட்டு ஆபீசுகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, பன்னிரண்டு தேசத்துப் படங்களைப் பன்னிரண்டு சனிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினார். வியாழக்கிழமை ரயிலில் தகரப்பெட்டி வரும், திங்கட்கிழமை திரும்பிப் போகும். ரசாயன வகுப்பின் கேலரி ஹாலில், ஜன்னல்களுக்குக் குடைத்துணி தைத்துப் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் படம். காலேஜ் கட்ட நிலம் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். ஆகவே அவர்களும் வரலாம் என்று வைத்தார். பையன்கள் பெஞ்சில் உட்காருவார்கள், ஊர்க்காரர்கள் முன்னால் பாயில். பெண்கள் இடது பக்கம்.

படத்தின் அடியில் இங்கிலீஷில் எழுத்து ஓடும். பையன்கள் படித்துக்கொள்வார்கள். பாயில் இருக்கிறவர்களுக்கு யார் சொல்வது? புரொபசர் மைக்கை என் கையில் கொடுத்தார்.

பதினாறு வருசமாக என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை ஐயா. ‘பரீது, தண்ணி’, ‘பரீது, சாவி’ என்பதோடு சரி. இப்போது இருட்டில் முந்நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரிக்கச் சொன்னால் சிரித்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சந்தோஷம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படம் இங்கிலீஷ் படம். கடலோரத்தில் கலங்கரை விளக்கம் பார்த்துக்கொள்ளும் ஒரு வயசாளி, அவரோடு ஒரு சின்னப் பெண். நான் அவளை மனைவி என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் அந்த ஜோடியின் வாழ்க்கையை நன்றாகவே கொண்டுபோனேன். பிறகு ஒரு படகுக்காரப் பையன் வந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான், கிழவரும் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தடுமாறியது. சமாளித்து, கள்ளத் தொடர்பு என்று சொன்னேன். அப்போது மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாய், அது பொஞ்சாதி இல்ல. மவ.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது. மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து சுப்பாத்தாள், “ராவுத்தருக்கு மக எது, பொண்டாட்டி எதுன்னு தெரியலையாட்டக்குது” என்றாள். அந்த வாரம் சந்தைக்குப் போனபோது தேங்காய்க் கடைக்காரன், என்னோடு வந்த என் மனைவி கௌலத்தைக் காட்டி, “மகளுங்களா?” என்று கேட்டான். கௌலத் சிரித்துவிட்டாள். நான் தேங்காய் வாங்காமல் வந்துவிட்டேன்.

அந்தக் குரல் வேதமுத்துவுடையது. குமுளிக்கு மேற்கே பீர்மேட்டு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை பார்த்து இங்கிலீஷ் படித்தவர். ஹெல்த் டிபார்ட்மென்டில் சேர்ந்து, அம்மை குத்த எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சே இங்கே ஒட்டாது. எல்லைக்கு மலையாளப் பக்கம் இருந்தாலும் எங்கள் ஜனங்கள் ‘வாங்க, போங்க’ என்று தமிழை இழுத்துப் பேசுகிறவர்கள். அவர் தோட்டத்து ஜனங்களின் திருநெல்வேலித் தமிழில் படபடவென்று பேசுவார். எப்போதும் ஒரு தோல் பை வைத்திருப்பார்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கௌலத் சாயா கொடுத்தாள்.

“தப்பா நெனச்சுக்கிடாதிய பாய். வாய் தவறி வந்துட்டு. ஒங்கள மாதிரி சொல்ல நமக்கு வராது. வேணும்னா பக்கத்துல உக்காந்து காதுல எடுத்துக் குடுக்கட்டா? ஒருத்தருக்கும் தெரியாது.”

வேண்டாம் என்றேன். “அப்ப சரி. இனிமே நான் வாயத் தொறந்தா செருப்பால அடிங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மற்ற ஒன்பது வாரமும் அந்த மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஒரே ஒரு தடவை எழுந்து ‘இது பொய்’ என்று சொல்லியிருந்தால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். என் மனம் நோகக்கூடாது என்று பார்த்தார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

புரொபசர் எடுத்த படங்களில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு வாரம் அழுகை, ஒரு வாரம் தமாஷ், ஒரு வாரம் இயந்திரங்கள். அவருக்கு அதுதான் பெருமை. பாயில் இருக்கிறவர்களுக்கு அது புரியாது. போன வாரம் பார்த்தது இந்த வாரம் தொடர வேண்டும், அப்போதுதான் மறுபடி வருவார்கள். நான் அவர்களுக்காக ஒரு ஆளை எல்லாப் படத்திலும் வைத்தேன். அந்த ஆள் கையில் பை இருக்கும். பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்வான். இனிமையாகப் பேசுவான்.

எங்கள் ஊர் ஆற்றில் அப்போது பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், உங்களுக்குத் தெரியும். மூன்றாவது தூண் இரண்டு மழைக்கு இரண்டு தடவை சாய்ந்தது. தூண் நிற்க வேண்டுமென்றால் பிள்ளைப் பலி கொடுப்பார்கள், அதற்குச் சர்க்காரே ஆள் வைத்துப் பிள்ளை பிடிக்கும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதை நான் கிளப்பவில்லை. பாலம் கட்டும் எல்லா ஊரிலும் அந்தப் பேச்சு உண்டு. வேதமுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய் எத்தனை பிள்ளை, என்ன வயசு என்று கேட்டு எழுதிக்கொண்டு, கதவில் சாக்கட்டியால் எண் போட்டுவிட்டு வருவார். அது டிபார்ட்மென்டின் முறை. அதையும் நான் ஏற்பாடு செய்யவில்லை.

இரண்டாவது வாரம் ஜப்பான் படம். பனி விழும் மலைக் கிராமங்களில் முதுகில் பெட்டி சுமந்து வீடு வீடாக மருந்து விற்கும் ஒருவரின் கதை. ஒவ்வொரு வீட்டிலும் எந்த மருந்து தீர்ந்தது என்று நோட்டில் குறிப்பார். நான், ‘இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று குறித்துக்கொள்கிறான்’ என்று சொன்னேன். கடைசியில் ஒரு குழந்தை காய்ச்சலில் சாகும். ‘எழுதிக்கொண்டு போனானே, பார்த்தீர்களா’ என்று மட்டும் சொன்னேன். பாயில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, முதல் வாரத்துச் சிரிப்பை இனி யாரும் நினைக்கப் போவதில்லை என்று.

மூன்றாவது ரஷ்யப் படம். கதை கிடையாது, பெரிய ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், முடித்ததும் கொடியசைக்கிறார்கள். நான் அதிகம் பேசவில்லை. பாலம் நின்றதும், ‘அடியில் என்ன போட்டார்கள் என்பதைக் காட்ட மாட்டார்கள்’ என்றேன்.

வங்காளத்துப் படத்தில் ஒரு வாத்தியார் படகில் போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்ப்பார். நான் சொன்னதைக் கேட்டவர்களுக்கு அது பள்ளிக்கூடமாகத் தெரியவில்லை. ஆறாவது வாரத்திலிருந்து நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. திரையில் யாராவது பையோடு வந்தால் பாயிலிருந்தே, “பைக்காரன் வந்துட்டானுங்க” என்பார்கள். போலந்துப் படத்தில் ஒரு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தாய்மார்கள் மடியில் இருந்த பிள்ளைகளின் தலையை முந்தானையால் மூடினார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் மூன்றாம் பெஞ்சில் வேதமுத்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கூட்டம் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கியது. மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

அதுவரை எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. நாலு வீட்டில் கதவை அடைத்தால் மாற்றல் வாங்கிக்கொண்டு மலைக்கே போய்விடுவார் என்று நினைத்தேன். கதவை அடைத்தார்கள். சாக்கட்டி எண்ணைச் சாணி போட்டு அழித்தார்கள். அவர் மாற்றல் கேட்கவில்லை. அழித்த கதவுகளுக்கு மறுபடி போய்ப் பேசிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிப் பக்கம் அம்மை பரவுகிறது, இந்தப் பிள்ளைகளை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது என்று புரொபசரிடம் சொன்னாராம்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது படம் முடிந்த திங்கட்கிழமை புரொபசர் என்னைக் கூப்பிட்டார். கோபமாக இல்லை.

“பரீது, நீங்க கொஞ்சம் சொந்தச் சரக்குச் சேக்கறீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க. வேதமுத்து உங்களக் குத்தம் சொல்லல. உங்களுக்குத் தொண்டை நோவும், மெஷினையும் பாக்கணும், ரெண்டு வேலை செரமம்னுதான் சொன்னாரு. இந்தப் பன்னெண்டும் முடியட்டும். அடுத்த தொடருக்கு மைக்க அவர் புடிச்சுக்கட்டும்.”

“சரிங்க” என்றேன். லேபுக்குப் போய்க் குழாய்களைக் கழுவினேன். ஒன்று உடைந்தது. என்னைக் குற்றம் சொல்லாமலேயே என் வாயை அடைத்துவிட்டார் அந்த மனிதர். எனக்கு அன்று வந்தது கோபம்தான். அதை மறைக்கவில்லை.

பத்தாவது வாரம் செக் நாட்டுப் படம். அதில் பை தூக்கியவர் ஒரு தபால்காரர். நான் அவரைப் பற்றிச் சொன்னதை இங்கே திரும்பச் சொல்ல வேண்டாம். அந்தப் பதினொரு பேரைக் கேட்டால் வரி பிசகாமல் சொல்வார்கள். முடிவில் மட்டும், ‘அந்த ஊர்க்காரர்கள் அவனைப் பிடித்துக் கேட்டிருந்தால் பிள்ளைகள் தப்பித்திருக்கலாம், கேட்கவில்லை’ என்று சேர்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுப்பாத்தாளின் மகன் நாச்சிமுத்து, ஆறு வயசு, காலையிலிருந்து காணவில்லை. கிணறு, கரும்புக் காடு எல்லாம் தேடியிருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும், வேதமுத்து மேற்குக் காலனியில் வேலை முடித்துக்கொண்டு பையோடு பள்ளிக்கூடத்து வாசல் வழியாக வந்திருக்கிறார். சுற்றிக்கொண்டார்கள். பையைக் கொட்டினார்கள். திருகு ஊசி, மருந்துக் குப்பி, பஞ்சு, சாக்கட்டி, ஒரு ரெஜிஸ்டர். ரெஜிஸ்டர் இங்கிலீஷில் இருந்தது. இது அம்மை குத்துகிற கணக்கு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? இனிமையாகப் பேசுவான் என்று நான் முன்பே சொல்லியிருந்தேனே.

“ராவுத்தர் வந்து படிச்சுச் சொல்லட்டும்” என்று என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.

நான் சட்டை மாட்டிக்கொண்டு போனேன். வேதமுத்துவின் உதடு கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“பாய் வந்துட்டாரு. இனி ஒண்ணுமில்ல. படிச்சுச் சொல்லுங்க பாய்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தின் மேலே, முதல் தடவை அம்மை குத்த வேண்டிய பிள்ளைகள் என்று அச்சில் இருந்தது. அதன் கீழே பெயர்கள். நான் பெயர்களைப் படித்தேன். ஹாலில் படிப்பதுபோல நிதானமாக, பிள்ளையின் பெயர், வயசு, அப்பன் பெயர், வீட்டு எண். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் ‘ஐயோ’ என்றாள். ஏழாவது பெயர் நாச்சிமுத்து. அதற்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் குத்தியாகிவிட்டது என்பதற்காகப் போட்ட கோடு.

“ஏனுங்க, செவப்புல என்னமோ போட்டிருக்குதே, அது என்னங்க?” என்று சுப்பாத்தாள் கேட்டாள்.

நான் ரெஜிஸ்டரை மூடினேன். அன்று அதுவரைக்கும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை ரைட்டர் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதியிருந்ததைத்தான் படித்தேன். தலைப்பை விட்டேன், அவ்வளவுதான்.

வேதமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கத்தவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில், அந்த நிலைமையிலும், என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நான் தலைப்பைப் படிக்காமல் விட்டது மற்றவர்களுக்குத் தெரிந்தால் எனக்கு அவமானம் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் இருக்கும், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேல் வரியைத் தயவுசெய்து படியுங்கள், இவர்கள் என்னைக் கொல்லப் போகிறார்கள், எனக்கு ஊரில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பத்து வாரமாகத் திரும்பிய மாதிரியே.

“என்னங்க சொல்றான்?”

நான் விளக்கம் சொன்னேன். “‘தூண் நிக்கணும்னா வேற வழியில்ல’ங்கறானுங்க” என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். யார் முதலில் அடித்தது, கல்லா, உலக்கையா என்பதெல்லாம் நான் கவனிக்கவில்லை. என்னால் ரத்தம் பார்க்க முடியாது, பட்டாளத்திலேயே முடியாது. பள்ளிக்கூடத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். ரொம்ப நேரம் ஆகவில்லை.

நாச்சிமுத்து ஐந்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் கூட்டிப்போன மாமனோடு வேலந்தாவளம் மாட்டுச் சந்தையிலிருந்து வண்டியில் வந்து இறங்கினான். கையில் ஊதுகுழல் வைத்திருந்தான். சுப்பாத்தாள் அவனைத் தூக்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளையும் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. விட்டுவிடலாம்.

கௌலத் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒன்றுதான் கேட்டாள். “நம்ம ஊட்டுல சாயா குடிச்சுட்டுப் போன மனுசன். அவரு கடைசியா என்ன சொன்னாரு? நெசத்தைச் சொல்லுங்க.” உங்களிடம் சொன்னதையேதான் அவளிடமும் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் ஆனைகட்டியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

புரொபசர் மீதி இரண்டு படங்களையும் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார். அது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதினொன்றாவது படம் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரெஜிஸ்டரில் இருந்த இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இன்னும் குத்தவில்லை. புது ஆள் எங்கள் ஊருக்கு வர மாட்டேன் என்கிறாராம். அதற்கும் நீங்கள் ஏதாவது செய்ய வேண்டும்.

நான் சொல்ல வேண்டியது முடிந்தது. அந்தப் பதினொரு பேரும் படம் பார்க்க வந்தவர்கள் மாதிரிதான். வேதமுத்துவைக் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். நான் தமிழில் சொன்னதை ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு மலையாளம் வாசிக்க வரும். நான் கோபம் என்று சொன்ன இடத்தில் பயம் என்று போட்டிருக்கிறார். பாவம் பார்த்துச் செய்திருக்கலாம், ஆனால் ஒருவன் சொன்னதை இன்னொருவன் மாற்றிச் சொல்வது பெரிய தப்பு. இனி இது கோர்ட்டுக்கு இங்கிலீஷில் போகும்போது இன்னும் என்னென்ன ஆகுமோ. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதக்கூடிய ஆள் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான் இருந்தார். வேதமுத்து இருந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுங்கள் என்று நானே கேட்டிருப்பேன்.